ரோஸ் நாக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லும்

ஏற்காட்டில் கோடை விழா நடந்தால், கீழே சேலத்தில் இருக்கும் என் பல் கிளினிக்கில் அது தெரிந்துவிடும். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, கையில் ஒரு பஞ்சு மிட்டாய், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் தூங்கிக்கொண்டே இறக்கம். மறுநாள் காலையில் சில பிள்ளைகள் என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படித்தான் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பாட்டி ஏழு வயதுப் பேரனைக் கூட்டி வந்தார். நாக்கு, உதடு, விரல் நுனி எல்லாம் ரோஸ். அந்த வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. "டாக்டரம்மா, சாயப் பட்டறையில நூலைப் போட்டு எடுப்பாங்களே, அதே ரோஸா இருக்குதும்மா. இது வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?" என்றார். நூலோடு வாழ்ந்த கண் அது. லேசில் ஏமாறாது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் சில நாட்களில் தமிழ்நாடும் சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமின் பி இருந்ததுதான் காரணம். அது துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் போடுகிற சாயம். உணவில் அதற்கு எந்த அளவிலும் அனுமதி கிடையாது. மார்ச் மாதம் கர்நாடகமும் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் அந்தச் சாயத்தைத் தடை செய்தது.

அந்த நாட்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது, "ஒரு தடவை சாப்பிட்டாலே கேன்சர் வருமா?" என்பதுதான். வராது என்றுதான் சொல்வேன். எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்ததில் கட்டிகள் வந்திருக்கின்றன. ஆனால் மனிதர்களுக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. அதனால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பிடுவதற்காகச் சுத்தம் செய்து தயாரித்த பொருள் இல்லை அது. நூலுக்குப் போடுவதை நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. கையில் ஒட்டினால் கெட்ட சாயம், ஒட்டாவிட்டால் நல்ல சாயம் என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். அனுமதி பெற்ற நிறமும் நாக்கில் ஒட்டும். நம் நாட்டு உணவுச் சட்டத்தில் சிவப்புக்கு பொன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின் என்ற மூன்று செயற்கை நிறங்களுக்கு இடம் உண்டு. அதுவும் மிட்டாயில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நிறம் சேர்க்கலாம் என்ற அந்தப் பட்டியலில் நூல் மிட்டாய்க்குத் தனியாகவே பெயர் இருக்கிறது. நம் ஊர் ஜவ்வரிசி அப்பளமும் அதே வரிசையில்தான்! எந்தச் சாயம் என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நாம் பார்க்க முடிந்தது கவர் மேல் லேபிள் இருக்கிறதா, தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்பதைத்தான். எதுவும் அச்சிடாத கவரில் கட்டி, கம்பில் குத்திக்கொண்டு வருவதை வாங்காதீர்கள். ஆசையாக இருந்தால் கண்ணெதிரே வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிச் சுற்றித் தரச் சொல்லுங்கள். ருசியில் ஒரு மாற்றமும் இருக்காது. ரோஸுக்கென்று தனி ருசியா இருக்கிறது?

பையன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவனுக்கு வேறு சந்தேகம். "இதுல பஞ்சு போடுவாங்களா டாக்டர்?"

பஞ்சும் இல்லை, எண்ணெயும் இல்லை. சர்க்கரையும் காற்றும்தான். நடுவில் சுழலும் கிண்ணத்துக்குள் சூட்டில் சர்க்கரை உருகுகிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது அந்தப் பாகு பொடித் துளைகள் வழியாக வெளியே வீசப்படுகிறது. காற்றுப் பட்டதும் கண் இமைப்பதற்குள் முடியை விட மெல்லிய இழையாக இறுகிவிடும். மறுபடி படிகமாகச் சேர அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் அது படிகச் சர்க்கரை இல்லை, ஒரு வகைக் கண்ணாடி என்றே சொல்லலாம். பவுடராக அரைத்த சர்க்கரை இதற்கு ஆகாது. உருகும் முன்பே துளை வழியாகப் பறந்துவிடும்.

ஏற்காட்டில் வாங்கும் பஞ்சு மிட்டாய் ஏன் கையிலேயே சுருங்கிப் போகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. அந்த இழை ஈரத்தை இழுக்கும். சேலத்து மே மாத வெயிலில் கொஞ்ச நேரமாவது உப்பலாக நிற்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் லேடீஸ் சீட்டில் பனிமூட்டம் மேலே படும்போது பிரித்துப் பாருங்கள், படம் எடுத்து முடிப்பதற்குள் ரோஸ் நிறப் பிசின்தான் மிஞ்சும். கவரில் இறுக்கிக் கட்டி விற்பது இதனால்தான்.

இந்த மிஷினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர் என்று சொன்னால் பெற்றோர் சிரிப்பார்கள். உண்மைதான். 1897-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து செய்தது அது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 'தேவதை நூல்' என்பது போன்ற ஒரு பெயரில், பெட்டி 25 சென்ட்டுக்கு 68,655 பெட்டிகள் விற்றார்கள். "உங்க ஆளு உங்களுக்கு வியாபாரம் பிடிச்சுக் குடுத்திருக்காரு" என்று ஒரு தந்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பதிலுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் உள்ளதைச் சொன்னால், பல்லைக் கெடுக்கும் பண்டங்களின் வரிசையில் நான் பஞ்சு மிட்டாயை முன்னால் வைக்க மாட்டேன். பார்க்கத்தான் தலை அளவு. உள்ளே இருப்பது 25, 30 கிராம் சர்க்கரை. ஒரு பாட்டில் கோலாவிலும் குறையாமல் அவ்வளவு இருக்கும். வாயில் போட்டால் கரைந்து போகும். ஜவ்வு மிட்டாய் அப்படி இல்லை, கடைவாய்ப் பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது.

ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்குகிற அளவு) 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பஞ்சு மிட்டாயை ஐந்து நிமிடத்தில் தின்று முடித்த பிள்ளைக்கு ஒரு தாக்குதல். அதே அளவு சர்க்கரையை மிட்டாய், பிஸ்கட், ஜூஸ் என்று நாள் முழுக்கக் கொறிக்கும் பிள்ளைக்கு எட்டு பத்துத் தாக்குதல். 1940-களில் ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குச் சர்க்கரையை ஒட்டுகிற டாஃபியாகக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இன்று யாரும் அனுமதிக்க முடியாத கொடுமை அது. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்ட சர்க்கரையை விட, இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்புதான் பல்லை அதிகம் அழித்தது என்பது அப்படித்தான் நமக்குத் தெரிய வந்தது.

நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் பல்லுக்கு நல்லவைதானே என்று ஓமலூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் உரிமையோடு கேட்பார்கள். கிருமிக்கு அவையும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றுதான்.

பாட்டியிடம் திரும்புவோம். ரோஸ் இரண்டு நாளில் போய்விடும் என்று சொல்லி, விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. பல்லைச் சோதிக்கும் கம்பியின் முனை உள்ளே இறங்கியது. அது நேற்றைய பஞ்சு மிட்டாய் செய்த வேலை இல்லை, பல மாத வேலை.

"பால் பல்லுதானேம்மா, விழுந்து முளைச்சிரும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஆறு வயது வாக்கில், பால் பல் எதுவும் விழாமலேயே, அவற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். போனால் இன்னொன்று முளைக்காது. எதுவும் ஆடாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஆழமான பள்ளங்களோடு வருவதால் முதலில் சொத்தை விழுவதும் அதில்தான். அந்தப் பள்ளங்களைச் சீலன்ட் என்ற பூச்சால் அடைத்துவிடலாம்; ஊசி வேண்டாம், வலி இருக்காது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள்.

பையனிடம் விசாரித்தேன். காலையில் டீயில் பிஸ்கட், பள்ளி இடைவேளையில் கடலை மிட்டாய், சாயங்காலம் மறுபடி பிஸ்கட், தூங்கும் முன் சர்க்கரை போட்ட பால். அதற்குப் பிறகு பல் துலக்குவதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறையும், கழுவி விட ஆள் இருக்காது. பஞ்சு மிட்டாய் வருடத்துக்கு இரண்டு தடவை: ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு ஒன்று, ஏற்காட்டில் ஒன்று. நான் நிறுத்தச் சொன்னது இரவுப் பாலில் போடும் சர்க்கரையை. சேர்க்கச் சொன்னது இரவு பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டை. மலையிறங்கும் வண்டியில் தூங்குவதற்கு முன் இரண்டு வாய் தண்ணீர் கொப்பளிக்க வையுங்கள் என்றும் சொன்னேன். பஞ்சு மிட்டாயை நிறுத்தச் சொல்லவில்லை என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சில வாரம் கழித்து ஒரு பஞ்சு மிட்டாய் வியாபாரியே வேர் சிகிச்சைக்கு வந்தார். கண்காட்சி, தேர், திருவிழா என்று மிஷினோடு சுற்றுபவர். தடைக்குப் பிறகு வெள்ளையாக மட்டுமே போடுகிறாராம். "வெள்ளையா இருந்தா புள்ளைங்க பஞ்சு மிட்டாய்னே நம்ப மாட்டேங்குதுங்க டாக்டர்" என்றார். லேபிள் உள்ள, உணவுக்கென்று அனுமதித்த நிறத்தை எங்கே கேட்டு வாங்குவது, எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் விசாரித்து, பதிவும் செய்துகொள்ளச் சொன்னேன்.

இவ்வளவு சொத்தை எப்படி வந்தது, சரக்கை நீங்களே சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்தச் சர்க்கரை வாசனையே பிடிக்காதாம், தொட்டதே இல்லையாம். நிற்கிற வேலை, அதனால் டீ மட்டும் ஒரு நாளைக்குப் பத்து கிளாஸ் ஆகும். சர்க்கரை தூக்கலாக.