தெப்பக்குளத்தை எட்டரைச் சுற்று

போன வாரம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கால்பந்துப் பயிற்சி ஆட்டம் முடிந்து வந்த அக்கா மகன், "பத்து கிலோமீட்டர் ஓடிருக்கேன் மாமா, வாட்ச் காட்டுது" என்று கையை நீட்டினான். மனசுக்குள் கணக்குப் போட்டேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு 950 அடி. ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். பத்து என்றால் எட்டரைச் சுற்று. ஒன்றரை மணி நேரத்தில் அதை மெதுவோட்டமாகவே முடித்துவிடலாமே, இவன் ஏன் நிற்கக்கூட முடியாமல் புல்லில் சாய்ந்து கிடக்கிறான்?

தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு போட்டியில் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை ஓடுகிறார்கள். கோல்கீப்பருக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ரெய்லி, தாமஸ் என்ற இருவர் முக்கியமானவர்கள். 1976இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரே ஒரு வீரரைக் கண்ணால் தொடர்ந்து, நடை, மெதுவோட்டம், பாய்ச்சல் என்று டேப் ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டே போவதுதான் முறை. அதில் தெரிந்த இரண்டு விஷயங்கள்: ஓடும் தூரத்தில் பந்து காலில் இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை வேகம் மாறுகிறது.

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் சூட்சுமம். சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாக நின்று நின்று போகும் ஷேர் ஆட்டோவும், ரிங் ரோட்டில் ஒரே சீராகப் போகும் வண்டியும் அதே பத்து கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. பெட்ரோல் கணக்கு ஒன்றாகவா இருக்கும்?

உடம்பும் அப்படித்தான். விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வேகம் கூட்டி ஒருவர் பாய்ந்தால், சமதரையிலும் அவருக்கு அது மேடேறுவது போலத்தான். புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் 3ஐ வகுத்தால் கிட்டத்தட்ட 0.3. அதாவது, பத்தடிக்கு மூன்றடி உயரும் சரிவில் ஓடுவதற்கு நிகரான உழைப்பு. சடாரென நிற்பது வேறு வகைத் தொல்லை. அதற்கு மூச்சு அவ்வளவாக வாங்காது, ஆனால் தொடைத் தசை இழுபட்டபடியே வேலை செய்கிறது. யானைமலையில் ஏறி இறங்கியவர்களுக்கு மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இறக்கத்தால்தான்.

இதையெல்லாம் அளக்கத்தான் வீரர்கள் சட்டைக்குள் அந்தக் குட்டை பனியனைப் போடுகிறார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஜிபிஎஸ் கருவி, விநாடிக்குப் பத்து முறை பதிவு செய்யும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹாரன் சத்தம் ரயில் நெருங்கையில் கீச்சென்றும், தாண்டியதும் கட்டையாகவும் கேட்கும் அல்லவா? செயற்கைக்கோள் அலையில் அதே மாதிரி ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்பிரிண்ட் என்பது பரவலான வழக்கம். ஆனால் ஐந்து மீட்டர் பாய்ந்து சட்டென்று திரும்பினால் ஜிபிஎஸ் தடுமாறும். அந்தக் குறையைக் கூடவே இருக்கும் முடுக்கமானி, அதாவது வேகமாற்றத்தை அளக்கும் கருவி, ஓரளவு ஈடுகட்டுகிறது.

இதயத்துடிப்பையும் பார்ப்பார்கள். போட்டியில் சராசரியாக உச்சத் துடிப்பின் 80–90 சதவீதம் வரை போகும். மதுரை வெயிலில் மட்டும் இதை அப்படியே நம்பக்கூடாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புவதால், அதே வேகத்துக்கே துடிப்பு ஏறிவிடும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்ப்பதும் நல்லது. குடித்த தண்ணீரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை.

பனியன் வாங்கக் காசில்லாத அணிகளுக்கு ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரபலமாக்கிய வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, "பத்துக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டு, அந்த எண்ணை ஆடிய நிமிடங்களால் பெருக்க வேண்டும். வருவதுதான் உடம்பு பட்ட பாட்டின் அளவு. அவ்வளவுதான்.

ஜிகர்தண்டா கடையில் வைத்துக் கேட்டேன். "எட்டு" என்றான். எட்டுத் தொண்ணூறு 720. அதற்கு முந்தைய ஆட்டத்தில்?

"அன்னைக்கும் பத்து கிலோமீட்டர்தான் மாமா. ஆனா பின்னாடி டிஃபென்ஸ்ல நின்னேன். அஞ்சு போடுங்க."

450.