கீழ் மாடி யாருக்கு?

கொழும்பு வடக்கில் ஒரு தொடர்மாடிக்குக் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பதாவது மாடிவரை ஏறி மூச்சு வாங்க நின்ற எனக்கு, கதவைத் திறந்த அம்மா முதலில் தண்ணீர் தந்தார். அவருக்கு 74 வயது. "நான் கீழ இறங்கி இருபது நாளாச்சு, மகள்" என்றார். பிரஷர் கிளினிக் தவணை அந்த இருபது நாளுக்குள் வந்து போய்விட்டது. மருந்தும் முடிந்திருந்தது.

அதற்கு முன் அவர் இருந்தது ஒரு தோட்டத்தில். கொழும்பில் நெருக்கமான சேரிக் குடியிருப்பைத்தான் தோட்டம் என்போம். பலகை வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர். விடியற்காலையில் இடியப்பம் அவித்து வாசலிலேயே விற்பார். இப்போது சொந்தக் கழிப்பறை இருக்கிறது, ஒழுகாத கூரை இருக்கிறது. அதற்காக அவர் மனதார நன்றி சொல்கிறார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பதாவது மாடிக்கு ஏறிவந்து இடியப்பம் வாங்க யார் இருக்கிறார்கள்? "முந்தி என்ட கதவு ஆறு மணிக்குத் திறக்காட்டி முன்வீட்டுக்காரி வந்து தட்டுவா" என்றார். சீட்டிழுப்பில் வீடு கிடைத்ததால் அந்த முன்வீட்டுக்காரி இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறார்.

முதியோர் வீடமைப்பு என்றதும் நம்மில் பலருக்கு முதியோர் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது. நகரத் திட்டமிடலில் இத்தனை காலம் வேலை செய்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. கொழும்பில் வசதி குறைந்த முதியவருக்கு முதலில் வேண்டியது தரையோடு ஒட்டிய வீடும், கதவைத் தட்டக்கூடிய ஓர் அயலவரும்தான். இரண்டையும் வீடு பங்கிடும் நாளிலேயே தீர்மானித்துவிடலாம். அதற்குப் பெரிய செலவும் கிடையாது.

பொரளையில் சஹஸ்புர தொடர்மாடி 2001 இல் எழுந்தது, 671 வீடுகளோடு. அதற்குப் பின் தோட்டங்களில் இருந்தவர்களுக்காக எத்தனையோ அடுக்குகள் வந்துவிட்டன. சஹஸ்புரவுக்குள் முதலில் குடிபோகும்போது ஐம்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டுகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 வீதம். 2024 இல் அது 12.6 வீதம். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது, நம் கட்டட வரைபடங்கள் மட்டும் படியேறக்கூடிய இளம் குடும்பத்தையே மனதில் வைத்து வரையப்படுகின்றன.

வெள்ளவத்தைப் பக்கம் கதை வேறு. அங்கே பணம் ஓரளவு இருக்கும், பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். லிப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஐயா, கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கி மரக்கறி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வாடகை குறைவு என்பதால்தான் மேல்வீட்டை எடுத்தாராம். வயது ஏற ஏற மனிதரை மேலே அனுப்புகிற சந்தை இது.

சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டியில் 104 முதியோர் வீடுகளுக்குக் கீழேயே மருத்துவ நிலையம், சாப்பாட்டுக் கடைகள், முதியோர் நிலையம், சிறுவர் பராமரிப்பு எல்லாம் இருக்கின்றன. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, சரி. ஆனால் அதில் உள்ள யோசனைக்குப் பணம் வேண்டியதில்லை. தொடர்மாடியின் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கிவிட்டால், கிளினிக் வாரத்தில் ஒருநாள் அங்கே வரலாம், கிராம உத்தியோகத்தரும் வந்து உட்காரலாம், அந்த அம்மாவின் இடியப்பத் தட்டுக்கும் ஓர் இடம் கிடைக்கும். பல இடங்களில் அந்தத் தரைத்தளம் மோட்டார் சைக்கிள் நிறுத்தவே போகிறது.

வீட்டுக்குள் மாற்ற வேண்டியவை சின்ன விஷயங்கள். அவற்றில் குளியலறைக் கதவைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே உட்பக்கம் திறக்கும் கதவை அடைத்துவிடும். கதவை உடைத்து ஆளை எடுத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பிணைச்சலை மாற்ற ஒரு தச்சருக்கு அரைநாள் போதும். அப்புறம் சுவரில் ஒரு கைபிடி, வாசலில் சரிவுப்பாதை. சரிவுக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும் சேர்ந்து சறுக்குவார்.

சட்டமும் ஓரளவு கைகொடுக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயதில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டம் நடக்கும்போது லிப்ட் பராமரிப்புக் கணக்கைக் கேளுங்கள். கீழ்வீட்டு இளம் குடும்பமும் மேல்வீட்டு முதியவரும் மாறிக்கொள்ள விரும்பினால் அதற்கு எளிய நடைமுறை வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், வீடு எத்தனை சதுர அடி என்றெல்லாம் கேட்போம். அந்த அம்மாவைப் பார்த்ததற்குப் பிறகு கீழே இரண்டு வரியைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன். படியேற முடியாதவர் யாராவது இருக்கிறார்களா? யார் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு யாரும் யோசிப்பதில்லை. உடனே ஒரு பெயர் சொல்கிறார்கள்.