ஏசி ட்ரிப் ஆகுதா? தயவுசெஞ்சு பெரிய எம்சிபி மாட்டாதீங்க

எம்சிபின்னா போர்டுல இருக்கற சுவிட்ச்சுங்க, வயர்ல கரண்ட் அளவுக்கு மேல ஓடினா தானா விழுந்து ஆஃப் ஆகும். வெயில் ஏற ஏற இதே போன்தான். "அண்ணே, ஏசி போட்டா எம்சிபி விழுந்துருது, 20 ஆம்ப்ஸை கழட்டிட்டு 32 போட்டுரலாமா?" சில பேர் இதைக் கூட கேக்கறதில்ல, மாட்டிட்டுதான் கூப்பிடுறாங்க. போன வாரம் ஒரு வீட்ல பிளக்கை உருவினா சாக்கெட் ஓட்டையெல்லாம் உருகி கருத்துப் போயிருக்கு, உள்ள வயர் தோல் கை பட்டதும் அப்பளமா நொறுங்குது, எம்சிபி மட்டும் ஜம்முனு ஆன்ல நிக்குது.

எம்சிபி உங்க ஏசியை காப்பாத்த வச்சதில்லங்க, செவுத்துக்குள்ள போற வயரை காப்பாத்த வச்சது. நிறைய வீட்ல ஏசிக்கு இழுத்திருக்கறது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், பைப்புக்குள்ள போனா 20 ஆம்ப்ஸ் பக்கம்தான் தாங்கும். அதுல 32 மாட்டினீங்கன்னா 36 ஆம்ப்ஸ் ஓடினா கூட அது ஒரு மணி நேரத்துக்கு விழாது, அப்படித்தான் அதை செஞ்சிருக்காங்க, அவ்வளவு நேரமும் வெந்துட்டு இருக்கறது வயரு. ஒழுங்கா ஓடுற 1.5 டன் ஏசி எடுக்கறதே 7, 8 ஆம்ப்ஸ்தான், அப்புறம் 20 ஏன் விழுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா?

எப்ப விழுதுன்னு பாத்து வைங்க, பாதி வேலை முடிஞ்சுது. போட்ட உடனே படார்னு விழுந்தா எங்கயோ ஷார்ட், இல்ல கம்ப்ரசர் உள்ள இருக்கற காயில் அதோட இரும்பு பாடியில தொடுது. கம்ப்ரசர் உர்ருனு உறுமிட்டு சில செகண்ட்ல விழுந்தா கம்ப்ரசரை கிளப்பி விடுற கெப்பாசிட்டர் வீக், இல்ல சாயங்கால லோ வோல்டேஜ். கால் மணி நேரம் ஓடிட்டு விழுந்தா அவுட்டோர் யூனிட்ல அழுக்கு அடைச்சிருக்கும், அங்க இருக்கற ஃபேன் மெதுவா சுத்தும், இல்லன்னா எம்சிபியிலயே ஸ்க்ரூ லூஸ். (இந்த லூஸ் ஸ்க்ரூவுக்காக போர்டையே மாத்தச் சொல்லி காசு வாங்குற ஆளும் இருக்கான்.) "கேஸ் கம்மி, அதான் ட்ரிப்"னு எவனாவது சொன்னா க்ளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்தி மாட்டி கரண்ட் அளக்கற கருவி) வச்சு ஆம்பியர் காட்டச் சொல்லுங்க. கேஸ் குறைஞ்சா பொதுவா ஆம்பியர் இறங்கும், ஏறாது.

டெஸ்ட் பட்டன் வச்ச ஆர்சிசிபி விழுந்தா கதை வேற, அது லீக்கேஜ், அதாவது கரண்ட் வயரை விட்டு வெளிய கசியுது. 30 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சாலே விழணும், அது மனுசன் உயிருக்கு வச்சது. எர்த் வயரை பிடுங்கி விட்டா ட்ரிப் நிக்குதுன்னு பெருமையா சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு தலை சுத்துது. அந்த கரண்ட் இப்ப அவுட்டோர் யூனிட் தகரத்துல உக்காந்திருக்கு சார், பக்கத்துல கொடியில துணி காயப் போடுறது யாரு?

நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். ஏசி பிளக்கை உருவிட்டு எம்சிபியை ஒரே ஒரு தடவை தூக்குங்க. அப்பவும் விழுந்தா கோளாறு வயர்லயோ எம்சிபியிலயோ, எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க. நின்னுச்சுன்னா பெரும்பாலும் ஏசியில, மெக்கானிக்கை கூப்பிடுங்க. திரும்பத் திரும்ப தூக்காதீங்க. அவுட்டோர் மூடியை திறக்காதீங்க, மெயினை ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஆள் வர்ற வரைக்கும் ஃபேன் போட்டு படுங்க, ஒரு ராத்திரிதானே.