அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடல் புண்ணழற்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘அல்சர்’ என்றால் இரைப்பைப் புண்தான். வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போய்க் கொழுந்தெடுப்பவர்களின் வயிற்றெரிச்சலுக்கு லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், வழங்கும் பெயர் அது. அத்தையின் கிளினிக் கொப்பியில் இருந்த ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்பதை வாசித்துக் காட்டினேன். அவர் காதில் முதற்சொல் மட்டுமே நின்றது. “அல்சர்தானே, நேரத்துக்குச் சாப்பிட்டா சரியாப் போயிடும்” என்றார்.

அதற்கு முன் பல மாதங்கள் அத்தையின் நோயைச் சீதபேதி என்றே எல்லோரும் நினைத்தோம். கொய்யாக் கொழுந்து அவித்துக் கொடுத்தோம். இரத்தமும் சளியுமாகப் போவது நிற்கவில்லை. திடீரென முடுக்கும், கூடையை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு ஓட வேண்டும். மலையில் கழிப்பறை ஏது?

‘உல்கஸ்’ என்பது லத்தீனில் புண். ‘கோலோன்’ கிரேக்கத்தில் பெருங்குடல். ‘இட்டிஸ்’ என்ற கிரேக்க விகுதிக்கு ‘அதைச் சார்ந்தது’ என்பதுதான் பழைய பொருள். வீங்கிச் சிவந்து எரியும் நிலை என்ற பொருளை மருத்துவர்கள் பின்னர் ஏற்றினார்கள். 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதியதில் இந்தப் பெயர் வந்தது.

தமிழுக்கு அப்படி ஏற்ற வேண்டியதே இல்லை. அழல் என்றால் தீ. அதிலிருந்து வந்தது அழற்சி. சிலர் ‘பெருங்குடல் புண்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே நோய் அழற்சிதான், புண் அதன் விளைவு. ‘பெருங்குடல் புண்ணழற்சி’ என்றால் இடமும் விளைவும் நோயும் வரிசையாக வந்துவிடும்.

கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவலே குடலின் உட்சுவரைத் தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும். தொற்றாது. கொலனோஸ்கொப்பி செய்து, அதாவது மலவாசல் வழியாகக் கமரா பொருத்திய குழாயை விட்டு, குடற்சுவரில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

மருந்தும் அழற்சிக்குத்தான். சல்பசலசீன் என்ற குளிசையை சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டழற்சிக்கென்றே உருவாக்கினார். 1940களில் அது இந்தக் குடல் நோயிலும் பலன் தந்தது. இன்று அதன் வழிவந்த மெசலசீனைக் குளிசையாகவும், மலவாசல் வழியாக வைக்கும் மருந்தாகவும் தருகிறார்கள். கடுமையானால் கொஞ்ச காலத்துக்கு ஸ்டீரொய்ட், அப்புறம் அந்தக் காவலின் தாக்குதலை அடக்கும் அசத்தியோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள். எதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலை அகற்றும் அறுவைச் சிகிச்சை. நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனபின், புற்றுநோய் வருகிறதா என்று மறுபடியும் கொலனோஸ்கொப்பி செய்து பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அத்தைக்கு அடுப்படியில் வைத்துத்தான் சொன்னேன். சாம்பலைக் கிளறி உள்ளே கிடந்த தணலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தார்.

“அப்ப ரத்தம் நின்னாலும் குளிசைய நிப்பாட்டக் கூடாது, அப்படித்தானே?”