முட்டி விலகினால் ஊசி போட்டு சிடி ஸ்கேன் எதற்கு?

ஏற்காடு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவொன்றில் பைக்கோடு சரிந்த தம்பியைச் சேலத்தில் சேர்த்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "முழங்கால் மூட்டு விலகியது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் ஊசி போட்டு சிடி எதற்கு?"

முட்டிக்குப் பின்னால் ஓடி, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்காகத்தான். மூட்டு விலகும்போது அதுவும் இழுபட்டுக் கிழியலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாது. சாதா சிடியிலும் கஷ்டம்தான்: படத்தில் எது எவ்வளவு வெள்ளையாகத் தெரியும் என்பதற்கு, தண்ணீருக்கு 0 என்று வைத்த அளவுகோலில் ரத்தம் 40 சொச்சம், தசையும் அதை ஒட்டியே வரும். அதனால் அயோடின் கலந்த மருந்தை முழங்கை ரத்தக்குழாயில் நொடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் ஏற்றுகிறார்கள். அயோடின் எக்ஸ் கதிரை விழுங்கும். தமனி 300 வரை ஏறிப் பளிச்சிடும். உடம்பெல்லாம் சூடு பரவி, படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நேரக் கணக்கு. மருந்து நுரையீரல் சுற்றி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியான மகாதமனிக்கு வர 20 நொடி போல ஆகும். இதயம் தளர்ந்திருந்தால் இன்னும் தாமதம். ஆளுக்கு ஆள் மாறுவதை எப்படிக் கணிப்பது? கணிப்பதே இல்லை. இயந்திரம் மகாதமனியில் ஒரே இடத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே எண் 100, 150 என்று முன்பே குறித்த அளவைத் தொட்டதும் படமெடுப்பு தொடங்கிவிடும்.

வயிறு, இடுப்பெலும்புக் காயமென்றால் சிறிது நேரம் கழித்து இரண்டாவது படமும் உண்டு. முதல் படத்தில் தமனிக்கு வெளியே ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டாவதில் அது பெரிதாகி, உருக்குலைந்து, தமனி மங்கிய பிறகும் பளிச்சென்றிருந்தால் ரத்தம் இன்னும் கொட்டுகிறது. அதே அளவில் தமனியோடு சேர்ந்து மங்கினால், கிழிந்த சுவர் உப்பிப் பையாகி நிற்கிறது. கொட்டுகிற இடத்தைப் பல நேரம் வயிற்றைத் திறக்காமலே, தொடை இடுக்கு வழியாகக் குழாய் நுழைத்து, உலோகச் சுருள் வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

முட்டிக்கு வருவோம். விலகிய மூட்டோடு எண்ணெய்க் கட்டுப் போட ஓடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. ரத்தம் நின்றுபோன காலுக்குச் சுமார் 6 மணி நேரம்தான் கெடு. கட்டுக்குள் கால் நிறம் மாறுவதுகூடத் தெரியாது. பாதத்தில் நாடி துடிக்கிறதே என்றும் சும்மா இருக்க முடியாது. உள்சுவர் மட்டும் கிழிந்த தமனியில் ரத்தம் உறைந்து, பிற்பாடு அடைத்துக்கொள்வதுண்டு.

மருந்தால் சிறுநீரகம் கெடுமா என்றும் கேட்டிருக்கிறார். வழக்கமாக, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். உயிரோ காலோ போகிற அவசரத்தில் அதற்காகக் காத்திருப்பதில்லை. முன்பு இந்த மருந்தால் அலர்ஜி வந்திருந்தால் மட்டும் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.