முதலில் உங்கள் கையில் இல்லாத நேரத்தைக் குறியுங்கள்

உளவளத்துணைக்கு என்னிடம் வரும் அலுவலக ஊழியர்கள் பலரிடம், கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருக்கும் வேலைப் பட்டியலைக் காட்டச் சொல்வேன். 'வங்கி', 'அம்மாவின் கிளினிக்', 'ரிப்போர்ட்', 'ரியூஷன் காசு' என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். வங்கிக்கு அரை மணி போதும், ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் வேண்டும். பட்டியலில் இரண்டும் ஒவ்வொரு வரிதான். "நாள் முழுக்க ஓடுறன் மிஸ், ஆனா ஒண்டும் முடிஞ்ச மாதிரி இல்லை" என்பவர்கள் சோம்பேறிகள் அல்ல. என்ன செய்வது என்று எழுதியிருக்கிறார்கள், எப்போது செய்வது என்று எழுதவில்லை.

நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு வேலைக்கு ஒதுக்கும் 'டைம் பிளாக்கிங்' முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஞாயிறு இரவு உட்கார்ந்து காலண்டரை வண்ண வண்ணமாக நிரப்பிவிட்டு, செவ்வாயோடு கைவிட்டவர்களும் வருகிறார்கள். அவர்களின் காலண்டரைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். தங்கள் வேலைகளை முதலில் போட்டிருப்பார்கள். கொழும்பில் வேலை செய்பவருக்கு நாளின் பெரும் பகுதி அவர் கையில் இல்லை. அதைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

லண்டன் நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை செய்து கொடுக்கும் கந்தோர்கள் இங்கே நிறைய உண்டு. அப்படியொன்றில் வேலை செய்யும் ஒரு தாய், மாத அறிக்கை எழுதுவதற்குப் பின்னேரம் 1.30 முதல் 3.30 வரை ஒதுக்கியிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த, அமைதியான நேரம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் லண்டனில் காலை 9 மணி என்றால், அங்கே கோடைக்காலத்தில் நமக்கு 1.30. மெயில்கள் வந்து விழத் தொடங்கும். அரச பாடசாலை விடுவதும் அதே 1.30க்குத்தான்: வான் வந்துவிட்டதா, பிள்ளை ஏறிவிட்டதா என்று மனம் அங்கே போய்விடும். அந்த நேரத்தில் அறிக்கை எழுத யாராலும் முடியாது. அறிக்கையைக் காலை 9 மணிக்கு மாற்றினோம். 1.30 முதல் 2.15 வரை 'பிள்ளை, லண்டன் மெயில்' என்றே பெயர் போட்டு விட்டுவிட்டோம். பிரித்தானியா கடிகாரத்தை மாற்றும் மார்ச் கடைசி ஞாயிறையும் ஒக்டோபர் கடைசி ஞாயிறையும் ஆண்டுதோறும் வரும்படி காலண்டரில் போட்டுக்கொண்டார். குளிர்காலத்தில் லண்டனின் 9 மணி நமக்கு 2.30 ஆகிவிடும், துண்டுகளும் நகர வேண்டும்.

காலி வீதிப் பயணமும் அப்படித்தான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போகிறவர், பாடசாலை நாளில் உண்மையாக எடுக்கும் நேரத்தையே குறிக்க வேண்டும், விடுமுறை நாளில் எடுப்பதை அல்ல. போயா லீவுகளையும் மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

சரி, மீதி இருக்கும் நேரத்தில் எவ்வளவு வேலை வைக்கலாம்? நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். 1994இல் வெளியான ஒரு கனேடிய ஆய்வில், உளவியல் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்தார்கள். எடுத்ததோ 55.5 நாள். கெட்டிக்கார மனிதர்களுக்கும் இது பொதுவான பிழை. அதனால் ஒரு மணி நேரம் என்று தோன்றும் வேலைக்கு ஒன்றரை மணி போடச் சொல்கிறேன். நாளில் ஒரு துண்டாவது வெறுமையாக இருக்கட்டும். திடீரென்று வரும் வேலைக்கு இடம் வேண்டும்.

அடுத்தது குறிப்பு. 'வங்கி' என்று எழுதாதீர்கள். 'வியாழன் 10 மணி, வங்கிக்குப் போய் நிலையான வைப்பைப் புதுப்பிக்க, அடையாள அட்டை எடுக்க' என்று எழுதுங்கள். முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே, வேலை முடியுமுன்பே அந்த அரிப்பு தணிகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் காட்டினார்கள்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதே போதும். கூகுள் டாஸ்க்ஸில் நாள் குறித்தால் அது கூகுள் காலண்டரிலும் தெரியும். தட்டச்சு சிரமமென்றால் தமிழில் பேசியே பதியலாம். தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்புவது அவசரத்துக்குச் சரி, ஆனால் அங்கேயே விட்டால் அடுத்தடுத்த செய்திகளுக்குள் புதைந்துவிடும். அன்றிரவே காலண்டருக்கு மாற்றுங்கள்.

இரவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் 5 நிமிடம் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தித் தூங்கினார்கள். 57 இளைஞர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். என்றாலும், தூக்கம் வராமல் புரள்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எல்லாவற்றையும் நேர்மையாகப் போட்டபின்னும் வேலைகள் நாளுக்குள் அடங்கவில்லையா? அப்புறம் உங்களை நீங்களே குறை சொல்லாதீர்கள். அந்தக் காலண்டரை மேலதிகாரியிடம் காட்டி, எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேளுங்கள். "நேரமில்லை" என்ற பேச்சைவிட நிரம்பிய வாரத்தைக் கண்ணால் காட்டுவது பலிக்கிறது. ஆனால் வாரக்கணக்காகத் தூக்கமும் பசியும் இல்லை, சின்ன வேலையைக்கூடத் தொடங்க முடியவில்லை என்றால், அதற்குக் காலண்டர் மருந்தல்ல. வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.