வாள்வீச்சு வகுப்பில் சேர்ப்பதற்கு முன்

பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "சார், நீங்க எந்த லெவல் வரைக்கும் ஆடியிருக்கீங்க?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் என் பதக்கங்களை வைத்து, உங்கள் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று கண்டுபிடிக்க முடியாது.

போட்டியில் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதை எதிராளிக்குக் காட்டவே கூடாது. பிள்ளைக்கு எதிரே வாளோடு நின்று லெசன் கொடுக்கும்போது தலைகீழ். மணிக்கட்டை ஒரு விரற்கடை நகர்த்தி, குத்துவதற்கு இடம் காட்ட வேண்டும். பிள்ளை சரியான தூரத்தில், சரியான நேரத்தில் வந்தால் குத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் வழியை அடைத்துவிட வேண்டும். ஜெயித்தே பழகிய கைக்கு இது லேசில் வராது. பத்து வயதுப் பையனிடம் குத்து வாங்க மனசு வராமல் தடுத்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால், சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து ஒரு லெசனைப் பாருங்கள். குத்து வாங்கத் தெரிந்தவரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படியே, லெசன் கொடுக்கும்போது அவர் முகத்தைக் காக்கும் வலை மாஸ்க் போடுகிறாரா என்றும் பாருங்கள். 'மெதுவாகத்தானே ஆடுகிறோம்' என்று சிலர் விட்டுவிடுவார்கள். 1982-இல் ரோம் உலக சாம்பியன்ஷிப்பில், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பெர் கையிலிருந்த ஃபாயில் என்ற வகை வாள் உடைந்து, எதிரே நின்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் மாஸ்க் வலையைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குப் போனது. ஸ்மிர்னோவ் 1980 ஒலிம்பிக் சாம்பியன். சில நாள்களில் இறந்துபோனார். பெர் மீது தவறில்லை. அவர் தொடர்ந்து ஆடி, 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். பிற்பாடு ஜெர்மனியின் தாவ்பர்பிஷோஃப்ஸ்ஹைம் வாள்வீச்சு மையத்தின் பொறுப்பிலும் இருந்தார். இன்று சர்வதேசப் போட்டிகளில் ஃபாயிலுக்கு லேசில் உடையாத மாரேஜிங் எஃகு பிளேடும், 1600 நியூட்டன் (துளைபடாமல் தாங்கும் விசையின் அளவு) மாஸ்க்கும், 800 நியூட்டன் உடையும் கட்டாயமாக இருப்பதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

தொடக்க வகுப்புக்கு 350 நியூட்டன் ஜாக்கெட் போதும். ஆனால் உள்ளே பிளாஸ்ட்ரான் என்ற, வாள் பிடிக்கும் பக்க மார்பையும் அக்குளையும் காக்கும் உள்கவசம் போட்டே ஆக வேண்டும். வாள் பிடிக்கும் கைப்பக்க அக்குளில் அதற்குத் தையல் இருக்கக் கூடாது. பிளேடு லேசாக வளைந்திருப்பது சகஜம். ஒரே இடத்தில் மடிந்த மாதிரி இருந்தால் அங்கேதான் உடையும், ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். கிளப் மாஸ்க்கின் வலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனாலோ, துரு ஏறியிருந்தாலோ, எவ்வளவு பெரிய சாம்பியன் நடத்தும் வகுப்பாக இருந்தாலும் அந்த மாஸ்க்கைப் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள்.